நாழிகையும் நங்கையரும்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று வடதிசையை நோக்குவோர்க்குக் கண்ணுக்கினிய காட்சியொன்று தோன்றும். காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் தழுவி ஓட, தென்னஞ்சோலைகளுக்கிடையே திருவரங்கத் தீவு விளங்கும். 1987ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற தெற்கு இராசகோபுரம் வானளாவி நிற்கும். இவ்விரு நகரங்களிலும் வாழ்வோர் பலதிறத்தார். விடியலில் விசுவரூப தரிசனத்திற்காக அரங்கன் சந்நிதியை நோக்கி விரையும் அடியாரும், பொன்மலை இருப்புப்பாதைப் பணிமனைக்குச் செல்லும் தொழிலாளரும், கல்லூரி மணி அடிக்குமுன் பேருந்தைப் பிடிக்க ஓடும் மாணவியரும் தம்முள் யாதொரு தொடர்பும் இல்லாதவர். ஆயினும் அம்மூவரும் இடையிடையே தம் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொள்வதை நாம் காணலாம்.

அம்மணிக்கட்டில் இருக்கும் சிறு கருவியை ஆக்கியவர் யாவர்? இவ்வினாவை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. கடிகாரத்தின் முகப்பில் நிறுவனத்தின் பெயர் உண்டு. உள்ளே உழைத்த கைகளின் பெயர் இல்லை. அக்கைகளுள் மிகப் பல பெண்களின் கைகள் என்பதே இப்பாடத்தின் பொருள்.

நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகப் பகுத்தனர். ஒரு நாழிகை இக்காலக் கணக்கில் 24 நிமிடமாகும். நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் காலத்தை அளக்கும் கன்னல் என்னும் கருவியை அவர்கள் அறிந்திருந்தனர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டு, அரசனது பாசறையில் அக்கன்னலைப் பார்த்துப் பொழுதை அறிவித்த நாழிகைக் கணக்கரைக் காட்டுகின்றது. அதே பாசறையில், கச்சில் வாளைப் பூண்ட மங்கையர், விளக்குகள் மங்குந்தோறும் நெய் வார்த்துத் திரி கொளுத்தியதையும் அப்பாட்டுக் கூறுகின்றது. இரவின் கூறுகளை அளந்து சொன்னவர் ஒரு சாரார். அவ்விரவு முழுதும் விழித்திருந்து ஒளியைக் காத்தவர் மற்றொரு சாரார். காலக்கருவியின் வரலாற்றில் இவ்விரு சாராரையும் மீண்டும் மீண்டும் சந்திப்போம்.

சாவி கொடுக்கும் பழைய கைக்கடிகாரம் ஒன்றைத் திறந்து பார்த்தவர் அதன் நுட்பத்தை எளிதில் மறவார். பழுது பார்ப்போர் ‘மெயின் ஸ்பிரிங்’ என்று கூறும் பெருவில் ஒரு சிறு பேழைக்குள் சுருண்டு கிடக்கும். அது மெல்ல விரிய, பற்சக்கரங்கள் ஒன்றையொன்று தள்ளும். அவற்றின் ஓட்டத்தை ஒழுங்கு செய்வது இப்படியும் அப்படியும் ஊசலாடும் ஒரு வளையம். பெரும்பாலான பழைய கடிகாரங்களில் அவ்வளையம் நொடிக்கு ஐந்து முறை அசையும். ஒரு மணி நேரத்தில் 18,000 முறை. ஒரு நாளில் 4,32,000 முறை. இத்தனை அசைவையும் தாங்கும் அச்சு, மயிரினும் சற்றே தடித்த எஃகுமுனை. அது பித்தளையில் சுழன்றால் விரைவில் பித்தளை தேயும். ஆகவே அச்சுமுனைகள் பதியும் குழிகளை மாணிக்கக் கல்லால் அமைத்தனர். 1704ஆம் ஆண்டில் நிக்கோலா பாத்தியோ என்னும் அறிஞர், இலண்டனில் வாழ்ந்த கடிகாரத் தொழிலாளர் இருவருடன் கூடி, மாணிக்கத்தில் துளையிடும் முறைக்கு உரிமை பெற்றார். உங்கள் பாட்டனார் கட்டியிருந்த கடிகாரத்தின் முகப்பில் ‘17 ஜுவல்ஸ்’ என்று எழுதியிருக்கக் கண்டிருப்பீர்கள். அது அணிகலப் பெருமையன்று. அதனுள் 17 மாணிக்கத் தாங்கிகள் உள்ளன என்பதன் அறிவிப்பே ஆகும்.

கடிகாரம் ஒவ்வொன்றிற்கும் சுரங்க மாணிக்கத்தை நாடினால் அஃது அரசரும் செல்வரும் மட்டுமே அணியத்தக்க பொருளாகிவிடும். இக்குறையைத் தீர்த்தவர் பிரெஞ்சு நாட்டு வேதியியல் அறிஞர் வெர்னாய். அலுமினிய ஆக்சைடுத் துகளைக் கொடிய வெப்பமுடைய சுடரின் வழியே விழச்செய்து, உருகிய துளிகளை ஒன்றன்மேல் ஒன்றாக உறையவைத்துக் கல்லாக்கும் முறையை அவர் 1902ஆம் ஆண்டில் வெளியிட்டார். சிறிதளவு குரோமியம் சேர்த்தால் கல் செந்நிறம் பெறும். கடினத்திலும் அமைப்பிலும் அஃது இயற்கை மாணிக்கமே. கடிகாரத் தொழில் இக்கல்லால் பெரிதும் வளர்ந்தது.

இங்கே நாம் திருச்சிராப்பள்ளிக்குத் திரும்ப வேண்டும். இவ்வாறு உலையில் பிறந்த கற்களை அணிகலன்களுக்கு உரியனவாகப் பட்டை தீட்டும் தொழில் இம்மாவட்டத்துச் சிற்றூர்களில் ஒரு குடிசைத் தொழிலாகப் பரவியது. ‘திருச்சி வைரம்’ என்று மக்கள் கூறுவது இவற்றையே. இத்தொழிலில் ஆடவரோடு பெண்டிரும் பெருந்தொகையினராக ஈடுபட்டனர். அரக்கைச் சூடாக்கிக் குச்சியின் நுனியில் கல்லை ஒட்டுவர். சுழலும் சாணைத் தட்டின்மேல் அக்கல்லை ஒரு குறித்த சாய்வில் அழுத்துவர். ஒரு முகம் தீர்ந்ததும் குச்சியைச் சிறிதே திருப்பி அடுத்த முகத்தைத் தீட்டுவர். வைரத்தின் வடிவில் அமையும் கல்லுக்கு 57 முகங்கள் வேண்டும். அரிசிமணியினும் சிறிய கல்லில் அத்தனை முகங்களையும் அளவு பிறழாமல் அமைப்பதற்கு, பல ஊர்களில் அளவுகோலாக இருந்தது கண்ணும் விரலுமே.

இத்துணை நுட்பம் வாய்ந்த உழைப்புக்குக் கிடைத்த ஊதியம் மிகச் சிறிது. கல்லெண்ணிக்கைக்கே கூலி, கல் உடைந்தாலோ உழைத்தவருக்கே இழப்பு. வணிகரிடம் முன்பணம் பெற்று, அக்கடன் தீராமல் ஆண்டுக்கணக்காக ஒருவரிடமே கட்டுண்டு உழைத்த குடும்பங்கள் இருந்தன. பள்ளியில் இருக்கவேண்டிய சிறுவரும் சிறுமியரும் சாணைத் தட்டின் முன் குனிந்து அமர்ந்திருந்தனர். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆயினும் சட்டம் ஏட்டில் ஏறிய விரைவில் அது சிற்றூரின் சந்துக்குள் நுழைந்துவிடவில்லை. பின்னாளில் எந்திரத்தால் தீட்டப்பட்ட சீனக் கற்கள் குறைந்த விலையில் வந்து குவியவே, கைத்தொழிலின் வருவாய் மேலும் சுருங்கியது. பலர் வேறு தொழிலை நாடிச் சென்றனர்.

கடிகாரத்திற்கும் மகளிர்க்கும் உள்ள தொடர்பு நம் நாட்டில் மட்டும் தோன்றியதன்று. இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள கிறைஸ்ட்சர்ச்சு என்னும் ஊரில், 18ஆம் நூற்றாண்டின் இறுதி தொடங்கிக் கடிகாரச் சங்கிலி செய்யும் தொழில் நடைபெற்றது. சைக்கிள் சங்கிலியை ஒரு நூலளவுக்குக் குறுக்கிப் பாருங்கள். அதுவே அச்சங்கிலியின் வடிவம். அதன் கண்ணிகளைத் துளையிட்டு ஆணி பொருத்தியவர் பெண்களும் சிறுவர்களுமே. அக்காலத்துப் பெருமை மிக்க ஆங்கிலக் கடிகாரங்கள் பலவற்றினுள் அச்சங்கிலி ஓடியது. செய்தோர் பலருக்கோ கண்ணொளி குன்றியது.

அறிவுத்துறையிலும் இதனையொத்த செய்தி ஒன்றுண்டு. பிரெஞ்சு நாட்டில் இலபோத்து என்னும் அரச கடிகார வினைஞர் இருந்தார். அவருடைய மனைவி நிக்கோல் ரேன் கணிதத்தில் வல்லவர். ஊசற்குண்டின் நீளத்திற்கும் அதன் அசைவுக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிட்டு அவர் ஒரு பட்டியல் அமைத்தார். அது 1755ஆம் ஆண்டில் வெளிவந்த கணவரின் நூலில் இடம்பெற்றது. ஆலி வால்மீன் மீண்டும் என்று தோன்றும் என்பதைக் கணிக்க அறிஞர் இருவர் முயன்றபோது, மாதக்கணக்காக உடனிருந்து கணக்கிட்டவரும் அவரே. அவ்விருவருள் ஒருவர் அவருடைய உதவியை நன்றியுடன் எழுதினார். மற்றவரோ பின்னர் அப்பெயரைத் தம் நூலிலிருந்து நீக்கிவிட்டார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடையில் ஜான் பென்னட்டு என்னும் இலண்டன் கடிகார வணிகர் ஒரு கருத்தை வெளியிட்டார். சுவிட்சர்லாந்தில் பெண்கள் கடிகார வேலை செய்கின்றனர். ஆதலால் அந்நாட்டுக் கடிகாரம் மலிவாகவும் செம்மையாகவும் விளங்குகின்றது. இலண்டனிலும் பெண்களுக்கு இத்தொழிலைக் கற்பிக்க வேண்டும் என்றார் அவர். தொழிலாளர் கொதித்தெழுந்தனர். பெண்கள் வந்தால் கூலி குறையும் என்பது அவர்களது அச்சம். அவ்வச்சம் முற்றிலும் பொருளற்றதன்று. பெண்களுக்குக் குறைந்த கூலி கொடுப்பதே அன்றைய வழக்கமாக இருந்தது. ஆனால் அதற்கு மருந்து, பெண்களுக்கும் ஒத்த கூலி கேட்பதேயன்றிக் கதவை அடைப்பதன்று. இலண்டன் கதவை அடைத்தது. அமெரிக்காவின் வால்த்தம் நகரத்துத் தொழிற்சாலை அதனைத் திறந்து, எந்திரங்களின் முன் பெண்களை அமர்த்தியது. அந்நூற்றாண்டு முடிவதற்குள் ஆங்கிலக் கடிகாரத் தொழில் நலிந்துவிட்டது. அதற்குக் காரணங்கள் பல. இவ்வடைத்த கதவும் அவற்றுள் ஒன்று என்பது என் கருத்து.

இனிக் கூறப்போவது துயரம் மிக்க செய்தி. முதல் உலகப் போரின்போது இருளிலும் மணி பார்க்கத்தக்க கடிகாரங்கள் படைவீரர்க்குத் தேவைப்பட்டன. மேரி கியூரி அம்மையாரும் அவர் கணவரும் 1898ஆம் ஆண்டில் கண்டறிந்த ரேடியத்தைத் துத்தநாக சல்பைடுடன் கலந்தால் இருளில் ஒளிரும் வண்ணம் கிடைத்தது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஆரஞ்சு என்னும் ஊரில் 1917ஆம் ஆண்டு முதல் இளம்பெண்கள் கடிகார எண்களின்மேல் இவ்வண்ணத்தைத் தீட்டினர். எண்கள் மிகச் சிறியவை; தூரிகையின் நுனி கூர்மையாக இருத்தல் வேண்டும். ‘உதட்டால் நுனியைக் கூராக்குங்கள்’ என்று அவர்களுக்குக் கற்பித்தனர். தீங்கு ஏதும் உண்டோ என்று வினவியவர்க்கு ‘இல்லை’ என்பதே விடை. அப்பெண்கள் அதனை நம்பினர். விளையாட்டாக நகங்களிலும் பற்களிலும் பூசிக்கொண்டவரும் உண்டு. மாலையில் இருண்ட தெருவில் நடந்து செல்லும்போது அவர்களுடைய ஆடையும் கூந்தலும் ஒளிர்ந்தன.

அதே நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேதியியல் வல்லுநர் ஈயத் தடுப்புக்குப் பின்னே நின்று, இடுக்கியால் ரேடியத்தைக் கையாண்டனர் என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். தீங்கை அறிந்தவர் தம்மைக் காத்துக்கொண்டனர்.

ரேடியம் எலும்பில் சுண்ணாம்பைப் போலவே சென்று தங்கும் இயல்புடையது. சில ஆண்டுகளில் அப்பெண்களின் பற்கள் விழுந்தன. தாடை எலும்பு அரித்தது. 1922ஆம் ஆண்டு முதல் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். கிரேஸ் பிரையர் என்னும் பெண் வழக்குத் தொடுக்கத் துணிந்தார். அவருக்காக வாதாட ஒரு வழக்கறிஞர் கிடைப்பதற்கே இரண்டு ஆண்டுகள் ஆயின. 1927ஆம் ஆண்டில் அவரும் தோழியர் நால்வரும் வழக்காடினர். நீதிமன்றத்தில் சான்று கூறுவதற்குக் கையை உயர்த்தவும் இயலாத நிலையில் சிலர் இருந்தனர். 1928ஆம் ஆண்டில் ஒருவருக்குப் பத்தாயிரம் டாலரும், ஆண்டுதோறும் 600 டாலரும், மருத்துவச் செலவும் கொடுக்க நிறுவனம் உடன்பட்டது. இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா நகரில் இதே தொழில் செய்து நோயுற்ற காதரின் டோனகூ என்பவர், படுக்கையில் கிடந்தவாறே சான்றளித்து, 1938ஆம் ஆண்டில் தீர்ப்புப் பெற்றார். அவ்வாண்டிலேயே உயிர் நீத்தார். நிறுவனத்தின் மேல்முறையீட்டை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1939ஆம் ஆண்டில் ஏற்க மறுத்துவிட்டது. ரேடியம் பாதியளவாகக் குறைவதற்கு ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் ஆகும். அம்மகளிரின் கல்லறைக்குள் இன்றும் அது கதிர் வீசிக்கொண்டிருக்கின்றது. தொழிலாளர் உடல்நலம் பற்றிய சட்டங்கள் பல நாடுகளில் உறுதிபெற அவர்களது வழக்குத் துணைபுரிந்தது.

நம் நாட்டிற்கு வருவோம். விடுதலைக்குப்பின் கைக்கடிகாரத்திற்காக அயல்நாட்டை எதிர்நோக்கியிருந்த நிலையை மாற்ற, இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்னும் அரசு நிறுவனம், ஜப்பானியச் சிட்டிசன் நிறுவனத்தின் துணையுடன் 1961ஆம் ஆண்டில் பெங்களூரில் கடிகாரத் தொழிற்சாலை அமைத்தது. எச்.எம்.டி. என்னும் மூன்றெழுத்து அதன் பின்னர் நம் வீடுகளில் புழங்கும் சொல்லாயிற்று. மணமகனுக்கு அளிக்கும் பரிசும் அதுவே. தேர்வில் வென்ற மாணவர் பெறும் பரிசும் அதுவே. அத்தொழிற்சாலையில் வெண்ணிற மேலாடை அணிந்து, வரிசையாக அமர்ந்து, சாமணத்தால் சக்கரங்களை எடுத்துப் பொருத்தியவருள் பெண்கள் பெருந்தொகையினர். காலம் மாறியது. பேட்டரியில் இயங்கும் குவார்ட்சுக் கடிகாரம் வந்தது. வேறு நிறுவனங்கள் முந்தின. 2016ஆம் ஆண்டில் எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட நடுவண் அரசு முடிவு செய்தது.

தமிழ்நாட்டில், தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா நிறுவனமும் கூடி 1984ஆம் ஆண்டில் டைட்டன் நிறுவனத்தைத் தோற்றுவித்தன. அதன் தொழிற்சாலை ஓசூரில் அமைந்தது. கடிகாரத் தொழிலில் முன்னனுபவம் உடையோரைத் தேடி அலையாமல், பள்ளிப்படிப்பை முடித்த சிற்றூர் இளைஞரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தனர். வீட்டைவிட்டு முதன்முறை வெளியே வந்த இளையோர் அவர்களுள் பலர். மாற்றுத்திறனாளிகளையும் அத்தொழிற்சாலை பணியில் அமர்த்தியது. 1990க்குப் பின்வந்த ஆண்டுகளில் மைராடா என்னும் தொண்டு நிறுவனத்தின் துணையால் ஓசூரைச் சுற்றியுள்ள ஊர்களில் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்கள், கடிகாரத்தின் உலோகப் பட்டைக்குக் கண்ணி கோக்கும் வேலையை ஏற்றனர். அவர்கள் கூலியாட்களாகவே நின்றுவிடவில்லை. ‘மீடோ’ என்னும் பெயரால் தாமே ஒரு நிறுவனமாக அமைந்து, அதன் பங்குதாரரும் ஆயினர். கிறைஸ்ட்சர்ச்சில் சங்கிலி கோத்த பெண்களுக்கும் இவர்களுக்கும் வேலை ஏறத்தாழ ஒன்றே; ஈட்டிய பொருளுக்கு உரியவர் யாவர் என்பதில்தான் வேற்றுமை.

கடிகாரத் தொழிலில் பெண்களை ஏன் மிகுதியாக அமர்த்துகின்றனர் என்று கேட்டால், பலரும் ஒரு விடையைக் கூறுவர். ‘பெண்களுக்கு மெல்லிய விரல்கள், பொறுமை இயல்பு, ஆகையால் நுண்ணிய வேலை அவர்களுக்கே பொருந்தும்’ என்பர். கேட்பதற்கு இது புகழுரை போலத் தோன்றும். ஆராய்ந்து பாருங்கள். திருச்சிராப்பள்ளிப் பெரிய கடைவீதியிலோ திருவரங்கத்து வீதியிலோ கடிகாரம் பழுதுபார்க்கும் கடைக்குச் செல்லுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னே, ஒரு கண்ணில் உருப்பெருக்கி ஆடியைச் செருகிக்கொண்டு அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் ஆடவரே. அவருடைய விரல்கள் தடித்தவையாகவும் இருக்கக்கூடும்! ஆயினும் மயிரிழை போன்ற சுருள்வில்லை அவர் எடுத்து வைக்கும் நேர்த்தியைக் கண்டு வியப்போம். விரலின் மென்மையே காரணமாயின் அவ்விருக்கையிலும் பெண்களே அமர்ந்திருத்தல் வேண்டும் அன்றோ? தொழிற்சாலை வரிசையில் பெண்ணுக்கு இயல்பென்று கூறப்படும் வேலை, கடையில் ஆணுக்கு இயல்பாகிவிடுகின்றது. ஆகவே வேற்றுமை விரலில் இல்லை. யாருக்குக் கற்றுக்கொடுத்தோம் என்பதில் உள்ளது. ‘இயல்பு’ என்று சொல்லிவிட்டால் அதனைப் பயின்று பெற்ற திறனாக மதிக்கத் தேவையில்லை; திறனாக மதியாவிட்டால் அதற்குரிய ஊதியமும் கொடுக்கத் தேவையில்லை. ஒத்த வேலைக்கு ஒத்த ஊதியம் அளிக்கவேண்டும் என்னும் சட்டம் நம் நாட்டில் 1976ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. புகழுரைக்குள் மறைந்து நிற்கும் கூலிக்குறைவை அச்சட்டத்தால் எளிதில் கண்டுபிடிக்க இயலவில்லை.

கடிகாரம் பழுதுபார்க்கும் தொழிலும் தேய்ந்து வருகின்றது. கைப்பேசியில் மணி பார்ப்போர் பெருகிவிட்டனர். குவார்ட்சுக் கடிகாரம் நின்றால் பேட்டரியை மாற்றுவர். அதன்பின்னும் ஓடாவிடின் புதியது வாங்குவர். எனினும் பாட்டனாரின் கடிகாரத்தைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துக்கொண்டு, அதனை மீண்டும் ஓடச்செய்யும் வினைஞரைத் தேடி வருவோர் இன்றும் உளர். அத்தகையோர்க்கு வேண்டிய கை எது என்பதில் ஐயமில்லை: பழகிய கை.

கடைவீதியில் நடக்கும்போது பெயர்ப்பலகைகளைப் படித்துப் பார்ப்பது என் வழக்கம். ‘இன்னார் அண்டு சன்ஸ்’ என்று பொறித்த பலகைகள் பல உண்டு. தந்தை சென்றபின் அதே நாற்காலியில் மகன் அமர்ந்து, அதே ஆடியைக் கண்ணில் செருகிக்கொள்கின்றான். ‘இன்னார் அண்டு டாட்டர்ஸ்’ என்று எழுதிய கடிகாரக் கடையை இதுகாறும் நான் கண்டதில்லை. உங்களுள் எவரேனும் கண்டிருந்தால் அத்தெருவின் பெயரை எனக்குச் சொல்லுங்கள். நின்றுபோன என் கடிகாரம் ஒன்று மேசை அறையில் கிடக்கின்றது.